மாமாவுக்கு வரவிருந்த உத்தியோகம்

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அரசாங்க உத்தியோகம் பார்த்ததில்லை. ஒரே ஒருவருக்கு அது கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் அம்மா. எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களைத் தூக்கில் போடுவதுதான் வேலை. அந்த வேலையைப் பார்ப்பவரை எங்கள் நாட்டில் அலுகோசு என்பார்கள். இருந்தவர் விலகிப் போய்விட்டதால் மன உறுதி உள்ள ஆள் தேவை என்று அரசாங்க இதழான வர்த்தமானியில் அறிவித்தல் வந்திருந்தது. நாட்டில் பல வருடங்களாக யாரையும் தூக்கில் போடவில்லை. ஆனாலும் நீதிமன்றங்கள் தீர்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தன. கயிறும் மேடையும் இருந்தன. ஆகவே ஆளும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதெல்லாம் மாமா எனக்கு விளக்கிச் சொன்னது.

நாங்கள் அப்போது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கீழே கடைகளின் பின்பக்கத்தில் இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. மகாவலி ஆறு பெருகினால் பாத்திரங்களைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு நாங்களும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். அப்பா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர். முதல் வருடம் காசு வந்தது. இரண்டாம் வருடம் கடிதம் வந்தது. மூன்றாம் வருடம் ஒன்றும் வரவில்லை. அம்மா அழுது பார்த்தாள், பிறகு சமைக்கத் தொடங்கினாள். காலையில் சோற்றுப் பார்சல் கட்டி, கூடையில் அடுக்கி, பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோவாள். அப்போது சிறைச்சாலை நகரத்தின் நடுவிலேயே இருந்தது. அதன் மதிலோரம்தான் அம்மாவின் வியாபாரம். கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். அவர்களுக்குப் பசிக்கும். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, தேங்காய்ச் சம்பல், பாதி முட்டை. எல்லாப் பார்சலுக்கும் பாதி முட்டைதான். வீட்டில் எங்களுக்கும் பாதிதான். பிறந்தநாளுக்கு மட்டும் முழு முட்டை.

மாமா எங்களோடுதான் இருந்தார். அதுவரை அவர் பஸ் கண்டக்டராக இருந்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் யானை குளிப்பதைப் பார்க்கும் இடத்தில் அவர்களுக்குக் குடை பிடித்திருக்கிறார். கல்யாண மண்டபங்களில் பரிமாறியிருக்கிறார். எந்த வேலையிலும் ஆறு மாதத்தைத் தாண்டியதில்லை. நன்றாக விசிலடிப்பார். எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் காட்சி நடக்கும். அதில் வருடா வருடம் ஆண்டவரின் கையில் ஆணி அடிக்கும் படைவீரன் மாமாதான். மரச் சுத்தியலை மெதுவாகத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் இறக்குவார். அந்த ஒரு கணத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓவென்று அழுகை கிளம்பும். அது தன்னுடைய திறமை என்பதில் மாமாவுக்குப் பெருமை.

விண்ணப்பத்தை எழுதியது நான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம் என்பதால் என்னை அங்கேதான் சேர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சிங்களம் எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும். மாமாவும் அம்மாவும் நன்றாகப் பேசுவார்கள். வாசிக்கச் சொன்னால் பஸ் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவார்கள். தமிழிலும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் தமிழில் எழுதினால் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும், சிங்களத்தில் எழுதினால்தான் எடுத்து வாசிப்பான் என்பது மாமாவின் அரசியல் ஞானம்.

"எழுத்து முத்து முத்தா இருக்கணும் புள்ள. நம்ம எதிர்காலமே ஒன் பேனாவுலதான் இருக்கு" என்றார்.

அது என்ன வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். தெரிந்துதான் எழுதினேன். எனக்கு வேண்டியிருந்தது கடல். என் வகுப்பில் தபால் கந்தோர் கிளாக்கரின் மகள் ஒருத்தி இருந்தாள். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்தில் சில தடவை குடும்பத்தோடு ரயிலில் இலவசமாகப் போக வாரன்ட் என்று ஒரு கடதாசி கொடுப்பார்கள். அந்தக் கடதாசியில் அவள் திருகோணமலைக்குப் போய்வந்து, சோகிகளையும் சிப்பிகளையும் மேசை மேல் பரப்பிவைத்து, என்னைத் தொடவிடவில்லை. நான் கண்டி ஏரியையும் மகாவலியையும் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை.

"மொத வாரன்ட்டு ஒனக்குத்தான்" என்றார் மாமா. "ரயிலேறி, நேரா கடல்ல போய் எறங்குறோம்."

சகோதரியின் மகளுக்கு அந்த வாரன்ட் செல்லாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

விண்ணப்பத்தோடு நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டு கேட்டிருந்தார்கள். ஒன்றைக் கிராம சேவகர் தலையைத் தூக்காமல் கொடுத்தார். இன்னொன்றுக்கு மாமா பங்குத் தந்தையிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"என்ன வேலை?" என்று கேட்டார் பங்குத் தந்தை.

"சிறைச்சாலையில சாமி. கைதிகளுக்குப் பக்கத்துலயே இருக்கிற வேலை."

பங்குத் தந்தைக்குச் சந்தோஷம். சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதைப் பற்றி அந்த மாதம்தான் பிரசங்கம் வைத்திருந்தார். கேட்டதும் ஒருவர் உத்தியோகமாகவே ஏற்றுக்கொண்டாரே என்று நினைத்திருக்க வேண்டும். சரளமான சிங்களத்தில் முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தார். இவர் இரக்ககுணம் உள்ளவர், கோயில் காரியங்களில் முன்நிற்பவர், ஒப்படைக்கும் எந்தப் பொறுப்பையும் நிதானமாக நிறைவேற்றக்கூடியவர். வெளியே வந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லி மாமா இரண்டு தடவை கேட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிப் பதிவுத் தபால் வந்தது. மாமா வீட்டில் இல்லை. அம்மா குசினியில் அவித்த முட்டைகளை நூலால் இரண்டிரண்டாக அறுத்துக்கொண்டிருந்தாள். மாமா ஜெயில் காவலர் வேலைக்குப் போட்டிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"மாமாவ கூப்பிட்டிருக்காங்கம்மா!"

"என்ன வேலைன்னு போட்டிருக்கு? ஜெயில் கார்டா?"

"இல்லம்மா. தூக்குல போடுறவரு."

நூல் ஒரு முட்டையின் நடுவிலேயே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"விண்ணப்பம் யாரு எழுதுனா?"

"நான்தாம்மா. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுனேன்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவள் அந்த முட்டையை அறுத்து முடித்தாள்.

மாமா வந்தபோது வீடு யுத்தகளமாகியது. சின்னச் சத்தத்தில் நடந்த யுத்தம். சுவருக்கு அப்பால் மனிதர்கள் இருந்தார்கள்.

"அக்கா, யாரையும் போடப் போறதில்ல. சும்மா இருக்கிறதுக்குச் சம்பளம். பென்ஷன் வேற."

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்குடா மன உறுதி கேக்குறான்?"

"அது ஒரு பேச்சுக்குக் கேக்குறது."

"நாளைக்கு ஒரு பெரியவன் வந்து, இனிமே போடுன்னா?"

மாமா கொஞ்சம் தடுமாறினார். பிறகு தன் பலமான வாதத்தை எடுத்தார். "வருசா வருசம் ஆண்டவருக்கே நான்தான் ஆணி அடிக்கிறேன். அதுக்கு ஊரே கைதட்டாத குறை. கொலைகாரனுக்குக் கயிறு போடுறேன்னா மட்டும் குத்தமா?"

"அந்த ஆணி ரப்பர்."

"அவனுங்க செஞ்சத நெனச்சுப் பாரு. ஒவ்வொருத்தனும் என்னென்ன செஞ்சிருக்கான்!"

"தெரியும். நீ பேப்பர்ல படிச்ச. நான் தெனமும் அவங்க வீட்டாளுங்களுக்குச் சோறு விக்கிறேன்." அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "செஞ்சதுக்கு உள்ள கெடக்கட்டும். சாகுறவரைக்கும் கெடக்கட்டும். வேணாங்கல. ஆனா உசிரு ஆண்டவர் குடுத்தது. நல்லவன்கிட்ட இருந்தா ஒசத்தி, கெட்டவன்கிட்ட இருந்தா மட்டம்னு அவர் பிரிச்சுக் குடுக்கல. எவ்வளவு பெரிய தப்புன்னாலும் செஞ்ச ஆளு அதவிடப் பெருசுடா. அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல ஒங்கைய எதுக்கு நீட்டுற?"

மாமா சோறு சாப்பிடாமல் வெளியே போனார். அதற்குள் செய்தி கடைத்தெருவுக்கே போய்விட்டிருந்தது. முன்கடை முதலாளி, "உத்தியோகம்னா உத்தியோகந்தானே தங்கச்சி, பேர்ல என்ன இருக்கு" என்றார். மறுநாளே தெல்தெனியப் பக்கத்திலிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னோம். நிரந்தர நியமனம்தானா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா பங்குத் தந்தையை வாசலிலேயே மறித்தாள். விசயத்தைச் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு அவர் அப்படிச் சொல்லலியேம்மா. கைதிகளுக்குப் பக்கத்துல இருக்கிற வேலைன்னார்."

"பக்கந்தான் சாமி. ரொம்பப் பக்கம்."

"இந்த விசயத்துல திருச்சபை ஒங்க பக்கந்தாம்மா இருக்கு. எந்த உயிரையும் நாம..."

"திருச்சபை என் பக்கம் இருக்கு. ஒங்க கையெழுத்து அவன் பக்கம்ல இருக்கு. நல்லவன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"நல்லவர்தானேம்மா?"

"அதைத்தான் சாமி நானும் சொல்றேன். நல்லவன். அதனாலேயே இந்த வேலைக்கு ஆகமாட்டான். அத ஏன் எழுதாம விட்டீங்க?"

பங்குத் தந்தை படித்தவர், நல்லவர். என்ன வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் வாங்க என்றார். எனக்கோ ஆத்திரமாக வந்தது. எல்லோரும் ஒன்று சேர்ந்து என் கடலைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டது.

மாமா மசியவில்லை. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் காயவைத்தார். அம்மாவும் அதற்குப் பிறகு வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், "கூடை பாரமா இருக்கு, இன்னைக்கு மட்டும் தூக்கிட்டு வா" என்றாள். மாமாவால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. அவர் சாப்பிடுவதும் அந்தக் கூடையிலிருந்துதான். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

மதிலோரத்தில் அன்று நல்ல கூட்டம். அம்மா கூடையை வழக்கமான இடத்தில் இறக்காமல், வரிசையின் கடைசியில் குந்தியிருந்த ஒரு கிழவரின் பக்கத்தில் இறக்கச் சொன்னாள்.

அவரை எனக்கு முன்பே தெரியும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மாதத்தில் ஒரு தடவை வருவார். நெற்றியில் திருநீறு, தலையில் துண்டு. ஒரு பார்சல் வாங்கி, பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். அவருக்கு இரண்டு பையன்கள். லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றைக் காம்பராவைத் தடுத்துப் பிரிக்கிற சண்டையில், குடிவெறியில், மூத்தவன் இளையவனைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டான். இளையவன் வாசலிலேயே செத்துப்போனான். மூத்தவனுக்குத் தூக்குத் தீர்ப்பு. தப்பாகப் பிடிபட்டவன் இல்லை. நான்தான் வெட்டினேன் என்று அவனே பொலிஸில் சொல்லியிருந்தான். செத்தவனுக்குத் திதி கொடுப்பவரும் இவர்தான், கொன்றவனைப் பார்க்க பஸ் ஏறி வருபவரும் இவர்தான்.

அம்மா சத்தமாகவே சொன்னாள். வரிசை முழுவதுக்கும் கேட்டது.

"ஐயா, இது என் தம்பி. ஒங்க மகனத் தூக்குல போடுற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். புதன்கிழமை நேர்முகம்."

மாமாவின் கையில் கூடையின் பிடி இன்னும் இருந்தது. வரிசையில் ஒரு பெண், "அடப்பாவி, பாத்தா மாப்பிள மாதிரி இருக்கான்" என்றாள். கிழவர் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

கிழவர் எழுந்து நின்றார்.

தோட்டத்து ஆட்களுக்கு அது உடம்பில் ஊறியது. துரை வந்தாலும் எழும்புவார்கள், கணக்கப்பிள்ளை வந்தாலும் எழும்புவார்கள், கந்தோரில் பியூன் வந்தாலும் எழும்புவார்கள். அரசாங்க வேலை என்ற சொல் காதில் விழுந்தால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் மாமாவைப் பார்த்து, "வணக்கம் ஐயா" என்றார்.

மாமா பின்னால் நகர்ந்தார். பின்னால் மதில்.

"இன்னும் கெடைக்கலீங்க" என்றார். "நேர்முகந்தான்..."

"கெடச்சிரும் ஐயா. நல்ல மொகம் ஒங்களுக்கு." கிழவர் ஒரு அடி கிட்ட வந்தார். "மூத்தவன் ஐயா. பேச்சு ரொம்பக் கொறஞ்சு போச்சு. தொந்தரவு குடுக்கமாட்டான். கழுத்துல எடப்பக்கம் ஒரு தழும்பு இருக்கும். நடக்கப் பழகுன காலத்துல கொதிக்கிற தேத்தண்ணிக் கேத்தல இழுத்துட்டான். இன்னமும் அந்த எடத்துல ஏதாச்சும் உரசுனா அவனுக்குத் தாங்காது. அத மட்டும் கொஞ்சம் பாத்துச் செஞ்சீங்கன்னா..."

பிறகு தன் பார்சலை விரித்து, அதிலிருந்த பாதி முட்டையை எடுத்து, "சாப்பிடுங்க ஐயா" என்று நீட்டினார்.

மாமா அதை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று தெரியாது. ஒருவர் நீட்டும்போது வாங்காமல் இருக்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். உள்ளங்கையில் முட்டையோடு அப்படியே நின்றார்.

அம்மா போட்ட திட்டம் அவள் கையைவிட்டுப் போய்விட்டது. அவள் கோபம் இப்போது கிழவரின் பக்கம் திரும்பியது.

"உக்காருங்க! இவனுக்கு எதுக்கு எந்திரிக்கிறீங்க? எவனுக்கும் எந்திரிக்காதீங்க. ஒங்க மகன் உசிர இவன்கிட்டயா பிச்சை கேக்குறீங்க? அது இவன் வச்சுக் குடுக்கிற சாமானா?"

"கோவிக்காத தாயி" என்றார் கிழவர். "ஒருத்தன் போயிட்டான். மத்தவனுக்காச்சும் நோகாம இருக்கணும்ல?"

உள்ளே அழைக்கிற மணி அடித்தது. கிழவர் மாமாவுக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு வரிசையோடு போனார். அம்மா மீதிப் பார்சல்களை விற்றாள். மாமா மதிலில் சாய்ந்து நின்று அந்தப் பாதி முட்டையைத் தின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா விசிலடிக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தபோது, "சரிக்கா, போகல" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். எங்கள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படியே விட்டிருப்பார்கள். நேர்முகத்துக்குப் போகாவிட்டால் யார் தேடி வரப்போகிறார்கள்? அம்மா விடவில்லை.

"போகாம இருந்தா, பஸ்ஸு கெடைக்கல, வயித்துவலின்னு நெனச்சுக்குவான். மாட்டேன்னு எழுதணும். வரமுடியல வேற, மாட்டேன் வேற." என் பக்கம் திரும்பினாள். "வா. நீதானே எழுதுன. நீயே எழுது."

அன்று பின்னேரம் வாசல்படியில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாமா பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகமிருக்கிறது.

"நான் இந்த வேலைக்கு வரமாட்டேன். வரமுடியாம இல்ல, மாட்டேன். உள்ள இருக்கிறவங்க செஞ்சது தப்பு. அத தப்புன்னு சொல்றதுக்கு எனக்குப் பயமில்ல. ஆனா அவங்க உசிரு எனக்கும் சொந்தமில்ல, ஒங்களுக்கும் சொந்தமில்ல. என் கையால எடுக்கமாட்டேன். எடுக்கிறதுக்குன்னு வேற ஆளையும் தேடாதீங்க. கயித்த அவுத்து ஏதாச்சும் தோட்டத்துல மாடு கட்டக் குடுங்க."

"அது எதுக்குக்கா கடைசியில?" என்றார் மாமா.

"கெடக்கட்டும், எழுதட்டும்."

என் கையைவிட்டுக் கடல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிழவரை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர் மகனை நான் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. இரண்டில் எது வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு இந்தக் கிறுக்கு இன்னும் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும், அம்மாவுக்குக் கோபம் ஆறிவிடும், அதுவரை அந்த வேலை எங்கேயும் போகாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று தோன்றியது. முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்: மதிப்புக்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சல். குறித்த திகதியில் வர முடியாத நிலையில் இருக்கிறேன். தயவுசெய்து வேறொரு திகதி தந்து உதவவும்.

மாமா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மா வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

"இவ்வளவு சொன்னேன். நாலு வரிதான் இருக்கு?"

"சிங்களத்துல சுருக்கமா வரும்மா."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்படியா" என்றாள். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பூசைக்குப் போறப்ப நானே கொண்டுபோறேன். திங்கக்கிழமை தபால்ல சேத்துடுறேன்."

அதன்பிறகு நான் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு ரோட்டோரம் நிற்பேன். ஒரு மாதம் போனது. மழை வந்து ஆறு பெருகி, நாங்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பிறகு இறங்கினோம். புதிய திகதி வரவேயில்லை. அரசாங்கம் இப்படித்தான், காய்ச்சல்காரனுக்குக்கூட இரக்கம் காட்டாது என்று நினைத்துக்கொண்டேன்.

தெல்தெனியச் சம்பந்தம் பேச்சுமூச்சில்லாமல் நின்றுபோனது. அடுத்த பெரிய வெள்ளிக்கு ஆணி அடிக்க முடியாது என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். "போய் அடிடா, அது நாடகம்" என்று அம்மாதான் தள்ளி அனுப்பினாள். அடித்தார். ஆனால் சுத்தியலைத் தூக்கி ஒரு கணம் நிறுத்துகிற அந்த அழகு போய்விட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குப் போவார். கிழவர் கடைசிவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார். எழுந்து நிற்பதை மட்டும் மாமா ஒருவழியாக நிறுத்தினார். கிழவரின் தலை தெரிந்ததும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு சிறைச்சாலையை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். கிழவர் இறந்துவிட்டதாகக் கேள்வி. மகன் இன்னும் உள்ளேதான், உயிரோடு இருக்கிறான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தையல் தொழிற்சாலை, ஹோட்டல் சலவை அறை, பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை என்று ஊர் ஊராகச் சுற்றினேன். போன இடங்களில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஏய் என்பார்கள், என் பேச்சைக் கேட்டுத் தோட்டத்தாள் என்பார்கள். ஒரு வீட்டில் நான் குடிக்கும் கோப்பையைத் தனியாகச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கோப்பையைக் கழற்றி அவர்களுடைய அலுமாரிக்குள், அவர்களுடைய கோப்பைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுத்தான் அந்த வீட்டிலிருந்து வெளியேறினேன். இப்படி நிமிர்ந்து நிற்க எங்கே படித்தாய் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கேயும் படிக்கவில்லை.

பத்தொன்பது வயதில் திருகோணமலையில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்துத்தான் போனேன். முதல் நாள் சாயங்காலமே கடற்கரைக்குப் போய், தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்றுகொண்டு, அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னா சத்தம் அது?" என்றாள்.

"கடலும்மா."

"பெருசா இருக்கா?"

"ரொம்பப் பெருசு."

சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்:

"சரி. பாத்துட்டல்ல? இனி மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு அந்த ஆளுங்களுக்கு எழுதிப் போட்டுடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீன் என்ன விலை என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அலை வந்து காலுக்குக் கீழே இருந்த மணலை இழுத்துக்கொண்டு போனது.

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்ததும், பங்குத் தந்தை என் நாலு வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். என்ன வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்று சொன்னவர், அவள் சொன்னதை மாடு கட்டுகிற வரி வரைக்கும் எழுதிக் கொடுத்திருப்பார். மாமாவும் எனக்குத் தெரியாமல் மறுபடி கையெழுத்துப் போட்டிருப்பார். ஒன்பது வருடம் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மகள் தன்னை ஏமாற்றினாள், ஒருவனின் கழுத்துக்கு வரும் கயிற்றைத் தெரிந்தே பிடித்து வைக்கப் பார்த்தாள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அம்மா அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்ததும் சேலைகூட மாற்றாமல் அடுப்பை மூட்டினாள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தலையை ஒரு தடவை தடவினாள். தட்டில் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, அதன் மேல் ஒரு முழு முட்டையை வைத்தாள். அன்று என் பிறந்தநாள் இல்லை. என் கையெழுத்து அழகாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, ஒரு துளி மஞ்சள்கூட மிச்சம் வைக்காமல் அதைத் தின்றேன்.